ஆறு நாளில் அஞ்சு வெற்றி, எட்டு வருஷத்தில் 37 தோல்வி: சுவானி ஃபுட்பால் கதை

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



செப்டம்பர் வந்தா போதும், எங்க ஆபீஸ்ல ஒண்ணு நடக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் அமெரிக்க டீமோட கால் இருக்கும். முதல் பத்து நிமிஷம் யாரும் வேலையைப் பத்திப் பேச மாட்டாங்க. அங்க ஒருத்தர் அலபாமாக்காரர், இன்னொருத்தர் டென்னசி. சனிக்கிழமை நடந்த காலேஜ் ஃபுட்பால் மேட்சை வச்சு ரெண்டு பேரும் சண்டை போடுவாங்க. நான் மியூட்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருப்பேன்.

ஒரு நாள் அந்த டென்னசிக்காரர் எல்லாருக்கும் ஒரு க்விஸ் கேள்வி போட்டார். "எஸ்.இ.சி.ன்னு சொல்ற சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸை ஆரம்பிச்சது 13 பல்கலைக்கழகங்கள். அதுல ஒண்ணு மட்டும் அந்தக் கான்ஃபரன்ஸுக்குள்ள ஒரு மேட்ச்கூட ஜெயிச்சதே இல்ல. எது?"

அலபாமாக்காரருக்கே தெரியல. பதில், சுவானி.

கால் முடிஞ்சதும் தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட கதை வேற மாதிரி போச்சு. ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத இதே சுவானிதான் 1899-ல ஆறே நாளில் அஞ்சு பெரிய அணிகளைத் தோற்கடிச்சிருக்கு. ஒரே காலேஜ், இடையில் நாற்பது வருஷம். நடுவுல என்ன ஆச்சு? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதலில், அந்தக் கால ஆட்டம்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவங்களுக்காக ரெண்டு வரி. பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில் தூக்கிட்டு எதிரணியோட கடைசிக் கோட்டைத் தாண்டினா டச்டவுன். இன்னைக்குப் பத்து யார்டு முன்னேற நாலு வாய்ப்பு கொடுப்பாங்க. முன்னேற முடியலன்னா பந்து எதிரணிக்குப் போயிடும்.

1899-ல் விதிகள் வேறு. அஞ்சு யார்டு முன்னேற மூணு வாய்ப்பு. டச்டவுனுக்கு அஞ்சு புள்ளி. ஒரு பாதி 35 நிமிஷம், மொத்தம் 70 நிமிஷம். பந்தை முன்னால் தூக்கி எறிவதற்கே அனுமதி இல்லை. அது 1906-ல்தான் சட்டபூர்வமானது. அப்போ ஆட்டம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எறிய முடியாதுன்னா இடிச்சுத் தள்ளிட்டுத்தான் போகணும். ஆட்கள் கும்பலாக மோதுவார்கள். ஹெல்மெட் கட்டாயம் இல்லை. ஒருத்தர் அடிபட்டு வெளியே போனால் அந்த மேட்சில் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால எலும்பு உடையாத வரைக்கும் யாரும் வெளியே போக மாட்டாங்க.

இதை மனசுல வச்சுக்கோங்க. ஆறு நாளில் அஞ்சு மேட்ச்னு நான் சொல்லும்போது, அது இந்த ஆட்டம்.

மலை மேல ஒரு கல்லூரி

சுவானின்னு எல்லாரும் சொன்னாலும் அது ஊர்ப் பேர். பல்கலைக்கழகத்தோட முழுப் பெயர் 'தி யூனிவர்சிட்டி ஆஃப் தி சவுத்'. டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லுக்கும் சட்டனூகாவுக்கும் நடுவில், கம்பர்லேண்ட் பீடபூமி மேல் இருக்கிறது. சுற்றி 13,000 ஏக்கர் நிலம், பெரும்பாலும் காடு. எபிஸ்கோபல் திருச்சபை 1857-ல் தொடங்கியது. உள்நாட்டுப் போரில் எல்லாம் நாசமாகி, 1868-ல்தான் வகுப்புகள் ஆரம்பித்தன.

இதைத் தொடங்கியவர்கள் அடிமை உழைப்பில் பணக்காரர்களான தென்மாநில ஆட்கள். தொடங்கியவர்களில் முக்கியமானவரான பிஷப் லியோனிடாஸ் போல்க் பின்னாடி கூட்டமைப்புப் படையில் ஜெனரலாக இருந்தவர். 1899 அணியைப் பத்திப் பேசும்போது அது வெள்ளைக்கார மாணவர்களுக்கு மட்டுமான கல்லூரி என்பதையும் சேர்த்துத்தான் பேசணும். அவங்க எதிர்த்து ஆடின தென்மாநிலக் கல்லூரிகளும் அப்படித்தான். எஸ்.இ.சி.யில் முதல் கருப்பின ஃபுட்பால் வீரர் களம் இறங்கியது 1967-ல். கென்டக்கி அணியின் நேட் நார்திங்டன். இந்தக் கதை முழுக்க, திறமையான ஒரு பெரிய கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்த உலகத்துக்குள் நடக்கிறது.

ஆறு நாள்

1899. சுவானியில் மொத்தமே சில நூறு மாணவர்கள். கோச் ஹெர்மன் சூட்டர். ஆனா கதையோட ஹீரோ, என்னைக் கேட்டா, மேனேஜர். லூக் லீ. மாணவர், வயசு 20.

சுவானிக்கு வழக்கமா நல்ல வசூல் தருவது பக்கத்து ஊர் வாண்டர்பில்ட்டோட நடக்கிற மேட்ச். அந்த வருஷம் டிக்கெட் வசூலை எப்படிப் பிரிக்கிறது என்பதில் தகராறு வந்து, மேட்ச் நடக்கவில்லை. பணம் போச்சு. லூக் லீ உட்கார்ந்து ரயில் கால அட்டவணையைப் பார்த்தார். ஒரே பயணத்தில் எத்தனை மேட்ச் வைக்கலாம்? அவர் போட்ட திட்டம் இது:

நவம்பர் 9, வியாழன், ஆஸ்டின்: டெக்சாஸ் பல்கலைக்கழகம். 12–0.
நவம்பர் 10, வெள்ளி, ஹூஸ்டன்: டெக்சாஸ் ஏ அண்ட் எம். 10–0.
நவம்பர் 11, சனி, நியூ ஆர்லியன்ஸ்: டுலேன். 23–0.
நவம்பர் 12, ஞாயிறு: ஓய்வு. திருச்சபைக் கல்லூரி ஆச்சே.
நவம்பர் 13, திங்கள், பேட்டன் ரூஜ்: லூசியானா ஸ்டேட். 34–0.
நவம்பர் 14, செவ்வாய், மெம்ஃபிஸ்: மிசிசிப்பி பல்கலைக்கழகம். 12–0.

அஞ்சு மேட்ச்சிலும் எதிரணிக்குப் பூஜ்யம். போய்த் திரும்பிய தூரம் சுமார் 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீட்டர். பகலில் ஆட்டம், ராத்திரி ரயிலில் தூக்கம். வெளியூர்த் தண்ணி ஒத்துக்காதுன்னு சுவானி ஊற்றுத் தண்ணியைப் பீப்பாயில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த சீசன் முழுக்க 12 மேட்ச், 12 வெற்றி. அடித்தது 322 புள்ளி, வாங்கியது வெறும் 10. அந்தப் பத்தும் ஒரே அணி அடிச்சது: ஆபர்ன். அதோட கோச் ஜான் ஹைஸ்மன். இன்னைக்கு வருஷத்தோட சிறந்த காலேஜ் வீரருக்குக் கொடுக்கிறாங்களே ஹைஸ்மன் டிராஃபி, அதே ஹைஸ்மன்தான். அந்த மேட்ச் 11–10-ல் முடிஞ்சது.

லூக் லீ பின்னாடி என்ன ஆனார்னு கேட்பீங்க. 1907-ல் 'தி டென்னசியன்' பத்திரிகையைத் தொடங்கினார். அமெரிக்க செனட்டர் ஆனார். முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட, 1919 ஜனவரியில், நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சரைத் தூக்கிட்டு வரப் போனார். நிஜமாவே. நடக்கல. 1930-களில் வங்கி வழக்கில் ஜெயிலுக்கும் போனார். தனி எபிசோட் போடலாம்.

அதிசயமா, இல்ல முன்கூட்டியே தொடங்கியதா?

இந்த 1899 கதையை எல்லாரும் 'சின்னவன் பெரியவனை வீழ்த்தினான்' என்கிற மாதிரிதான் சொல்றாங்க. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். தேதிகளை வரிசையா எழுதிப் பார்த்தப்போதான் சந்தேகம் வந்தது.

சுவானி ஃபுட்பால் ஆட ஆரம்பிச்சது 1891. டெக்சாஸ் 1893. லூசியானா ஸ்டேட் 1893. டுலேன் 1893. மிசிசிப்பி 1893. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 1894.

அதாவது, தோத்துப்போன அஞ்சு பேருமே சுவானிக்குப் பிறகு வந்தவங்க. இன்னைக்குப் பெரிய பெயர்களாக இருப்பதால் அன்றைக்கும் ராட்சசர்களாக இருந்திருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்போ யாரிடமும் லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம் இல்லை. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கோச் இல்லை. எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே தரையில் நின்றவர்கள். பதினஞ்சு இருபது நல்ல ஆட்டக்காரர்கள், ஒரு நல்ல கோச், கணக்குத் தெரிஞ்ச ஒரு மேனேஜர் கிடைச்சா ஜெயிக்கலாம். சுவானிக்கு மூணும் கிடைச்சது.

இதனால அவங்க சாதனை குறையாது. அந்த ஆட்டத்தை அஞ்சு தடவை ஆடிட்டு நடந்து வீடு திரும்புறதே பெரிய விஷயம். ஆனா வெற்றிக்குக் காரணம் 'மனசு வச்சா எதுவும் முடியும்' இல்லை. இடைவெளி அன்னைக்குச் சின்னதா இருந்தது, அவ்வளவுதான்.

இடைவெளி பெரிசான கதை

1905-ல் மைதானத்தில் நடந்த சாவுகள் அமெரிக்கா முழுக்கப் பெரிய பிரச்சினை ஆயின. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளைக் கூப்பிட்டுப் பேசினார். விதிகள் மாறின. முன்னால் எறிவது வந்தது. ஆட்டம் பார்க்க ஆனந்தமாக ஆனது. பார்க்க ஆனந்தமானதும் கூட்டம் வரும், கூட்டம் வந்ததும் பணம் வரும்.

1922-ல் வாண்டர்பில்ட் நாஷ்வில்லில் 20,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டியது. 1926 ஜனவரி 1 அன்று அலபாமா அணி கலிஃபோர்னியா வரைக்கும் போய் ரோஸ் போல் போட்டியில் வாஷிங்டனை 20–19-ல் தோற்கடித்தது. தென்மாநில மக்களுக்கு ஃபுட்பால் அதோட மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பின்னால் ஒரு முழு மாநிலமே நின்றது. மாணவர் எண்ணிக்கை ஆயிரங்களில் ஏறியது. சுவானி மலை மேலேயே இருந்தது. அதே சில நூறு பேர்.

1932 டிசம்பரில் சதர்ன் கான்ஃபரன்ஸிலிருந்து 13 பல்கலைக்கழகங்கள் பிரிந்து எஸ்.இ.சி.யைத் தொடங்கின. அலபாமா, ஆபர்ன், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, டென்னசி மாதிரி பெயர்களுக்கு நடுவில் சுவானியும். பழைய நண்பர்கள், பழைய பெருமை. 1899-ல் போட்ட அஸ்திவாரத்தில் 1933-ல் இடம் கிடைத்தது.

அடுத்து வந்த விஷயம்தான் முக்கியம். 1935-ல் எஸ்.இ.சி. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை வெளிப்படையாக அனுமதித்தது. அதுவரை மறைவில் நடந்தது சட்டமானது. ஒரு மாணவன் ஃபுட்பால் ஆடுகிறான் என்பதற்காகவே படிப்புச் செலவைக் கல்லூரி ஏற்கலாம். யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்களிடம் நல்ல ஆட்டக்காரர்கள்.

1163–84

1933 முதல் 1940 வரை எட்டு சீசன். எஸ்.இ.சி.க்குள் சுவானி ஆடியது 37 மேட்ச். தோற்றது 37. அதில் 26 மேட்ச்சில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மொத்தம் வாங்கியது 1163 புள்ளி, அடித்தது 84. சராசரி போட்டால் மேட்ச்சுக்கு 31–2.

இந்த நம்பரை நான் முதல்ல சிரிச்சிட்டேதான் படிச்சேன். அப்புறம் இன்னொரு மாதிரி யோசிச்சேன். எட்டு வருஷம்னா ரெண்டு முழு பேட்ச் மாணவர்கள். சேர்ந்த நாளிலிருந்து டிகிரி வாங்கும் வரைக்கும் ஒரு கான்ஃபரன்ஸ் வெற்றியைக்கூடப் பார்க்காமல் போனவர்கள். தன்னைவிடக் கனமான, ஸ்காலர்ஷிப்பில் ஆடும் ஆட்களோட மோதி, திங்கட்கிழமை காலையில் கறுப்பு கவுன் மாட்டிக்கொண்டு கிளாஸுக்குப் போனவர்கள். கவுன்னா நிஜ கவுன்தான். படிப்பில் தேறின மாணவர்கள் வகுப்புக்குக் கவுன் போட்டுக்கொண்டு வரும் வழக்கம் சுவானியில் இன்னும் உண்டு.

துணைவேந்தரின் முடிவு

நம்ம ஊர் மாதிரியே சுவானியிலும் வேந்தர் என்பது கௌரவப் பதவி. அங்கே ஒரு பிஷப் அந்த நாற்காலியில் இருப்பார். நிர்வாகம் துணைவேந்தர் கையில். 1938-ல் அலெக்சாண்டர் கெரி துணைவேந்தராக வந்தார். சுவானியிலேயே படித்தவர்.

அவர் முன்னால் இருந்த வழிகள் என்னென்ன? ஒண்ணு, மத்தவங்க மாதிரி பணத்தைக் கொட்டுறது. இல்லாத பணத்தை எங்கிருந்து கொட்ட? லைப்ரரி, ஆசிரியர் சம்பளம், ரெண்டிலிருந்தும்தான் எடுக்கணும். ரெண்டு, இப்படியே தோத்துட்டே இருக்கிறது. மூணு, ஃபுட்பாலையே மூடுறது.

மூணாவதை அதே நேரத்தில் ஒருத்தர் செய்தும் காட்டினார். ஷிகாகோ பல்கலைக்கழகம். இன்னைக்கு பிக் டென் என்று சொல்லப்படும் கான்ஃபரன்ஸைத் தொடங்கியவர்களில் ஒன்று. 1935-ல் முதல் ஹைஸ்மன் டிராஃபியை வாங்கிய ஜே பெர்வாங்கர் அங்கே படித்தவர். அடுத்த நாலு வருஷத்தில் அணி சரிந்தது. 1939-ல் மிச்சிகனிடம் 85–0. அந்த டிசம்பரில் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே நிறுத்தினார். காலியான அந்த ஸ்டேடியத்தோட பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2-ல் என்ரிகோ ஃபெர்மியின் குழு முதல் அணு உலையை இயக்கிக் காட்டியது. ஷிகாகோவில் ஃபுட்பால் பல்கலைக்கழக அணியாகத் திரும்ப வர 1969 ஆனது.

கெரி நாலாவதா ஒரு வழி எடுத்தார். விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தினார். 1940 சீசன் முடிஞ்சதும் சுவானி எஸ்.இ.சி.யை விட்டு வெளியேறியது. ஆனா ஃபுட்பாலை விடவில்லை. ஆட விரும்பும் மாணவர்கள் ஆடுவார்கள், ஆடுவதற்குப் பணம் கிடையாது, எதிரணியும் நம்ம அளவில் இருக்கும் கல்லூரிகள். அவ்வளவுதான் கொள்கை. இரண்டாம் உலகப் போரில் கொஞ்ச காலம் ஆட்டம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

பலன்? 1957-ல் ஷெர்லி மேஜர்ஸ் கோச்சாக வந்தார். 1958-ல் ஒரு தோல்வியும் இல்லாத சீசன். 1963-ல் இன்னொன்று. அவருடைய மகன் ஜானி மேஜர்ஸ் பெரிய உலகத்துக்குப் போய், 1976-ல் பிட்ஸ்பர்க் அணியைத் தேசிய சாம்பியன் ஆக்கினார். அப்பா மலையிலேயே 1977 வரை கோச்சாக இருந்தார்.

விட்டுப்போன பணம்

இப்போ எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிடறேன். என் நண்பர் ஒருத்தர்கிட்ட இந்தக் கதையைச் சொன்னப்போ அவர் கேட்ட முதல் கேள்வி, "டேய், எவ்வளவு காசை விட்டுட்டாங்க தெரியுமா?"

நியாயமான கேள்வி. எஸ்.இ.சி. இன்னைக்கு ஒவ்வொரு உறுப்பினருக்கும் வருஷத்துக்குச் சராசரியாக 50 மில்லியன் டாலருக்கு மேல் பிரித்துக் கொடுக்கிறது. 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷ உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர். பல்லைக் கடிச்சுட்டு அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா சுவானிக்கும் பங்கு வந்திருக்கும்னு தோணும்.

ஆனா யோசிங்க. அந்த நாற்காலியில் எண்பது வருஷம் உட்கார என்ன விலை கொடுத்திருக்கணும்? வாண்டர்பில்ட் இன்னும் எஸ்.இ.சி.யில் இருக்கிற ஒரே தனியார் தொடக்க உறுப்பினர். அது பெரிய நகரத்தில் இருக்கும் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். தொடக்க உறுப்பினர்களில் ஜார்ஜியா டெக்கும் டுலேனும்கூட 1960-களில் வெளியேறிவிட்டன. அவங்களே தாங்கல. இன்றைக்கும் இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத சுவானி அங்கே தங்கணும்னா, அது சுவானியாக இருந்திருக்காது. ஃபுட்பால் அணிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு கல்லூரியாக இருந்திருக்கும்.

இன்னைக்கு சுவானி ஆடுவது என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவில். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஜெயிக்கிற வருஷம் உண்டு, தோக்கிற வருஷம் நிறைய உண்டு. ஆடுற பசங்க யாரும் டிவிக்காக ஆடல. சனிக்கிழமை ஆடிட்டு, திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி லேபுக்குப் போறாங்க. 1891-ல் ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை.

ஏன் இந்தக் கதை எனக்கு

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. என் முதல் வேலை ஒரு சின்ன ஸ்டார்ட்அப்ல. பதினோரு பேர். ஆரம்பத்துல எங்க புராடக்ட் நல்லாத்தான் போச்சு, ஏன்னா அந்த வேலையை அப்போ வேற யாரும் செய்யல. அப்புறம் பெரிய கம்பெனிகள் அதே இடத்துக்கு வந்தாங்க. நாங்க என்ன பண்ணோம்? அவங்க ஒரு ஃபீச்சர் விட்டா நாங்களும் விடணும்னு ராத்திரி பகலா உட்கார்ந்தோம். ஒவ்வொரு மீட்டிங்லயும் எப்படி ஜெயிக்கிறதுன்னுதான் பேசினோம். இது நம்ம ஆட வேண்டிய ஆட்டமான்னு ஒருத்தர்கூடக் கேட்கல. நானும் கேட்கல. ரெண்டு வருஷத்துல கம்பெனியை மூடிட்டாங்க. எங்களை நம்பியிருந்த சின்னச் சின்னக் கடைக்காரங்க, அவங்களுக்கு அந்தப் பெரிய ஃபீச்சர் எதுவுமே தேவைப்பட்டதில்ல.

கெரி செஞ்சது அந்தக் கேள்வியைக் கேட்டதுதான். எட்டு வருஷம் லேட்டா கேட்டாங்கன்னு சொல்லலாம். 1899-ஐ நினைச்சுட்டே அந்தப் பசங்களை 37 தடவை மைதானத்துல இறக்கிட்டாங்கன்னும் சொல்லலாம். ரெண்டும் சரிதான். ஆனா கேட்டாங்க. கேட்டுட்டு, ஆட்டத்தையும் காப்பாத்திட்டாங்க.

அடுத்த திங்கட்கிழமை கால்ல நான் மியூட்டை எடுத்தேன். "சுவானி 1899 பத்தித் தெரியுமா?"ன்னு அலபாமாக்காரரைக் கேட்டேன். அன்னைக்கு இருபது நிமிஷம் வேலை நடக்கல.

உங்க காலேஜ்லயோ ஆபீஸ்லயோ இப்படி ஒரு 'நம்ம ஆட்டம் இது இல்ல' முடிவை யாராவது எடுத்திருந்தா, ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதை அடுத்த எபிசோட்ல போடுறோம். பார்ப்போம் மக்களே.